பத்மநாதன் இறங்கிய வாசல்

பத்மநாதன் அந்தக் கல்வீட்டை வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது பிறேமினி விழுந்து விழுந்து சிரித்தாள். மனிசன் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தாள். ஹரோவில், ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில், அடக்கமான வீடு. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் தமிழ்ச் சனம். இதை விட்டுவிட்டு, லண்டனின் வடமேற்கு விளிம்பில், குதிரைகள் மேய்கிற வெளிகளுக்கு நடுவே தனியாக நிற்கிற நானூறு வருடத்துப் பண்ணைவீட்டை எந்த மனிசன் வாங்குவான்?

"பகிடி இல்லையப்பா. வந்து பாரும். பாத்தாப்பிறகு கதையும்" என்றார் அவர்.

போய்ப் பார்த்தாள். பார்த்ததோடு சிரிப்பு நின்றுபோனது.

வாசல் அவளுக்கே குனிந்து போகவேண்டிய அளவு தாழ்வு. அவளைவிட ஒரு முழம் உயரமான பத்மநாதன் உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது ஒருமுறையும் நெற்றியை இடித்துக்கொண்டார். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுவர்கள் ஈரம் கசிந்து பச்சை படர்ந்திருந்தன. மேல்மாடிக்குப் படி எங்கே என்று தேடினாள். அடுப்புக்குப் பக்கத்தில் அலுமாரிக் கதவு போல ஒன்றை அவர் திறந்து காட்டினார். உள்ளே, சங்குக்குள் போவதுபோல் சுற்றிச் சுற்றி ஏறியது படி.

"இதென்னப்பா, அலுமாரிக்குள்ளை படி?"

"அதுதான் இதின்ரை வடிவு."

"வடிவோ! இதாலை ஒரு கதிரையைக் கொண்டு ஏறேலுமோ?"

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினார். மேலே போய் ஜன்னலைக் காட்டினார். அவருக்கு வீடு என்றால் முதலில் ஜன்னல்தான். டென்மார்க்கில் இருந்த காலம் முழுக்க ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லண்டனுக்கு வந்து ஹவுன்ஸ்லோவில் டயர்க் கடை நடத்திய வருடங்களிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாருடைய வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணீர் குடிக்கமுதல் ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார். கடையைக் கைமாற்றிய பிறகு நேரமும் நிறையக் கிடைத்துவிட்டது. அதன் விளைவுதான் இந்த வீடு.

"பாரும் பிறேமி. மரமில்லை, கல். இந்த ரெண்டு தூணையும் ஒரே கல்லிலை கொத்தி எடுத்து, ஜன்னலை மூண்டாப் பிரிச்சிருக்கிறான். விளிம்பைத் தடவிப் பாரும், எவ்வளவு மெத்தெண்டு சரிச்சிருக்கிறான். வெளிச்சம் வந்து மோதாமல் வழுக்கிக்கொண்டு உள்ளை வரவேணும் எண்டு."

"ஜெயில் கம்பி மாதிரிக் கிடக்கு" என்றாள் பிறேமினி. "ரெண்டையும் வெட்டி எறிஞ்சுபோட்டுப் பெரிய கண்ணாடியாப் போட்டாலாவது ஆள் இருக்கலாம்."

பத்மநாதனின் முகம் பிள்ளையை அடிக்கச் சொன்னது போல் ஆகிவிட்டது. வெட்டவும் முடியாது, அரசாங்கப் பாதுகாப்பில் உள்ள கட்டடம், ஒரு கல்லை அசைப்பதென்றாலும் கவுன்சிலின் அனுமதி வேண்டும்.

வீடு வாங்கப்பட்டது. ஹரோ வீட்டில் மகள் தாரகாவும் அவள் கணவனும் இருப்பதென்று ஏற்பாடு. பிறேமினி ஒரு நிபந்தனை போட்டாள். தன் அறையை யாரும் தொடக்கூடாது. திருத்த வேலை முடிந்து குடிபுகுந்த பிறகும் தான் சனி ஞாயிறு மட்டும்தான் கல்வீட்டுக்கு வருவாள். அவள் ஹரோவில் ஒரு பல் வைத்தியரிடம் பல் துப்புரவு செய்யும் உதவியாளராக இருந்தாள். வேலைக்குப் போக பஸ்சுக்குக் காத்து நிற்க ஏலாது என்பது காரணம். வீடு பிடிக்கவில்லை என்பது காரணத்துக்குக் காரணம்.

திருத்த வேலையைப் பொறுப்பெடுத்தவள் மாதங்கி. திருநெல்வேலிக்காரி; பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதையே படித்து அதையே தொழிலாக வைத்திருந்த கட்டடக்கலைஞர். முதல்நாள் வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வெளிப்புறமாக வீட்டைச் சுற்றி வந்தாள். பிறேமினி குடையைப் பிடித்தபடி பின்னால் போனாள்.

"அக்கா, இந்தப் பக்கம் பூரா களிமண். வெட்டி எடுக்கக் கல்லே கிடையாது. சுத்துவட்டாரத்துல எல்லாரும் மரச்சட்டத்துலயும் செங்கல்லுலயும்தான் கட்டினாங்க. இவன் மட்டும் கல்லுல கட்டியிருக்கான். ஏன்னு நினைக்கிறீங்க?"

"விசர் எண்டு நினைக்கிறன்" என்றாள் பிறேமினி.

மாதங்கி வாய்விட்டுச் சிரித்தாள். பின்சுவருக்குக் கூட்டிப்போய், முழங்கால் உயரத்தில் ஒரு கல்லைக் காட்டினாள். அதில் ஓர் இலை செதுக்கப்பட்டிருந்தது. தலைகீழாக. நரம்பு நரம்பாக, நுனி சுருண்டு, யாரோ நேற்றுச் செதுக்கியது போல.

"பக்கத்துல எங்கேயோ கன்னியர் மடம் ஒண்ணு இடிஞ்சு கிடந்திருக்கு. அந்தக் கல்லை வண்டியில ஏத்திக் கொண்டாந்து வீடு கட்டியிருக்கான். இது அங்க தூண் உச்சியில இருந்திருக்கும். இங்க அவனுக்கு வேண்டியது கனமான ஒரு கல்லு. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு அவன் கவலைப்படல."

"அப்ப களவெடுத்த கல்லோ?"

"ஏலத்துல எடுத்தான்னு வச்சுக்குவோமே அக்கா. நாமதான அதுல இருக்கப்போறோம்."

பிறேமினிக்கு மாதங்கியைப் பிடித்துப்போனது. வீட்டை அல்ல, மாதங்கியை. அதனால் சனிக்கிழமைகளில், சும்மா துணைக்கு என்று, அங்கே வரத் தொடங்கினாள். மாதங்கி வேலைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருப்பாள். முன்வாசலும் பின்வாசலும் ஏன் நேருக்கு நேர் என்றால், இரண்டையும் திறந்துவைத்து நடுவில் நின்று தானியம் தூற்றத்தான். காற்று உமியைப் பின்பக்கத்தால் கொண்டுபோய்விடும். நடைக்கு வலதுபக்க அறை வடக்குப் பார்த்தது, வெயிலே படாது, பாலும் வெண்ணெயும் அங்கே. இடதுபக்கம் பெரிய கூடம். அதன் ஒரு சுவரில் ஆள் உள்ளே நிற்கக்கூடிய அடுப்பு. வீடு முழுவதும் அந்தப் புகைபோக்கியைச் சுற்றித்தான் போர்த்துக்கொண்டு நிற்கிறது. படிகூட அதன் முதுகில் சாய்ந்து ஏறுவது சூட்டை வீணாக்காமல் இருக்கத்தான்.

சுவரின் ஈரத்துக்கும் காரணம் சொன்னாள். முன்பிருந்த யாரோ கூடம் முழுக்கச் சீமெந்து பூசியிருந்தார்கள். கல்சுவர் மூச்சு விடும் சுவர். சீமெந்து அதன் வாயைப் பொத்திவிட்டது. அதைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து பூசினால் தானாகக் காயும்.

"நான் ஒருக்காத் தட்டிப் பாக்கட்டோ?" என்று பிறேமினி கேட்டாள்.

சிறிய உளியும் சுத்தியலும் கொடுத்தார்கள். ஒரு மூலையில் தட்டினாள். ஓர் ஓடு கழன்று விழுந்து, உள்ளே தேன்நிறக் கல் தெரிந்தது. இன்னொன்று தட்டினாள். பல்லில் படிந்த காறையை எடுக்கிற அதே வேலை. அதே பொறுமை, பல்லைத் தொடாமல் காறையை மட்டும் எடுக்கிற அதே கைக்கணக்கு. பின்னேரம் தேத்தண்ணீரோடு வந்த பத்மநாதன் பார்த்தபோது, அவளின் தலைமயிர் முழுக்கத் தூசி. அரைச் சுவர் வெளியே வந்திருந்தது.

"என்ன பிறேமி, வீடு பிடிச்சிட்டுதோ?"

"சும்மா இருக்கேலாமல் தட்டினனான்" என்றாள் பிறேமினி. ஆனால் அடுத்த சனிக்கிழமை தன் சொந்த உளியோடு வந்தாள்.

வேலை முடிந்தது ஜூன் மாதத்தில். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சிக் குடிபுகுவதென்று நாள் பார்த்தார்கள்.

அன்று காலை வெயில் எறித்தது. வயல்வெளிப் பாதையில் கார்கள் வரிசையாக வந்தன. ஹரோ, ஹவுன்ஸ்லோ, சவுத்தால் என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வந்து, பட்டுச் சேலைகளை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி குதிரைச் சாணத்தைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்த ஆண்கள் ஒவ்வொருவராக நெற்றியை இடித்துக்கொண்டார்கள். பத்மநாதனின் கடைக்காலத்து நண்பர் சண்முகராசா இரண்டுதரம் இடித்துக்கொண்டார். அவருக்குக் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற குரல்; "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் வெளியே குதிரைகள் காது விறைத்தன.

கூடத்தில் ஐயர் கோலம் போட்டு, கும்பம் வைத்து, பெரிய அடுப்புக்குள்ளேயே செங்கல் அடுக்கிப் பால்பானையை ஏற்றத் தயாராக இருந்தார். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. மாதங்கியும் பச்சைச் சேலையில் வந்திருந்தாள்.

"குத்துவிளக்கு எங்கை?" என்றார் ஐயர்.

குத்துவிளக்கு மேலே பெட்டிக்குள் இருந்தது. "நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று பத்மநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுமாரிக் கதவைத் திறந்து படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. பிறகு, "பிறேமி..." என்று ஒரு மெலிந்த குரல்.

பிறேமினி படியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. பத்மநாதன் கம்பளத்துக்கு வெளியே பலகைத் தரையில் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் குத்துவிளக்கு. விளக்கைத் தூக்கக் குனிந்திருக்கிறார். தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது கூரையின் குறுக்குவிட்டத்தில் தலை மோதியிருக்கிறது. மோதிய வெட்டில் முதுகு பிடித்துக்கொண்டது.

"என்னப்பா செய்யுது? எழும்புங்கோ."

"ஏலாது."

"ஒருக்காச் சரிஞ்சு—"

அவள் தோளைத் தொட்டதுதான். அவர் போட்ட அலறல் கீழே நாதஸ்வரத்தை அமுக்கிவிட்டது.

அம்புலன்ஸ் வந்தது. ஓர் இளம்பெண்ணும், அவளோடு ஒரு வயதான ஆணும். இருவரும் நெற்றியை இடித்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் பத்மநாதனின் காலை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பிறகு பிறேமினியைத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னாள்: உயிருக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் இடது காலில் விறைப்பு இருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்துவிடுவது நல்லது. சிக்கல் அதில்லை. இவரைக் கீழே கொண்டுபோவது எப்படி?

கதிரையில் இருத்தித் தூக்கலாம் என்றால் அவரால் இடுப்பை மடிக்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இறக்கலாம் என்றால் அந்தச் சுற்றுப்படியில் ஸ்ட்ரெச்சர் பாதியில் இறுகிவிடும். ஜன்னலால் இறக்கலாம் என்றால், மூன்று பிரிவில் எதற்குள்ளும் அவருடைய தோளே நுழையாது. அந்தப் பெண் நோவைக் குறைக்கிற வாயு வரும் ஒரு குழாயைப் பத்மநாதனின் வாயில் கொடுத்து, வலி வரும்போதெல்லாம் இழுக்கச் சொன்னாள். பிறகு தீயணைப்புப் படைக்கு அறிவித்தாள்.

சிவப்பு வண்டி வயல்பாதையில் வந்தபோது விருந்தினர் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பெரிய சப்பாத்துகளோடு ஆட்கள் கூடத்துக்குள் வந்து, கோலத்தைக் கண்டதும் மிதிக்காமல் சுவரோரமாக நடந்தார்கள். அவர்களின் தலைவர் தோள் அகன்ற, சாந்தமான மனிதர். மேலே வந்து படியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பத்மநாதனைப் பார்த்தார். பிறகு ஜன்னலின் ஒரு கல்தூணில் கை வைத்தார்.

இதை ஒன்றை அறுத்து எடுத்தால் போதும், என்றார். ஏணியில் மெதுவாக இறக்கிவிடலாம். வேறு வழி தெரிந்தால் இதைச் செய்யமாட்டோம்.

"வெட்டட்டும்!" என்றார் பத்மநாதன் தரையிலிருந்து. குழாயை வாயிலிருந்து எடுத்து ஆங்கிலத்திலும் சொன்னார். "வெட்டுங்கோ! ரெண்டையும் வெட்டுங்கோ! கல்லாவது மண்ணாவது, நான் கீழை இறங்கினாக் காணும்!"

பிறேமினி ஜன்னலைப் பார்த்தாள். பதினொரு மணி வெயில் கல்தூண்களின் சரிந்த விளிம்பில் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து கொண்டிருந்தது. அவர் அன்றைக்குச் சொன்னது உண்மைதான், மோதவில்லை, வழுக்கியது. இதை இத்தனை மாதமாக எப்படிக் காணாமல் விட்டோம் என்று நினைத்தாள். அவளுடைய கால் தானாக நடந்தது. போய் ஜன்னலுக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏலாது" என்றாள். பிறகுதான் அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் ஜன்னலில் ஒருவரும் கை வைக்கவேண்டாம்."

"பிறேமி, நான் உம்மடை புருஷன்!"

"ஓம். உங்களுக்கு உயிருக்கு ஒண்டுமில்லை எண்டு இந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுது. இது வெட்டினால் வெட்டினதுதான். கொஞ்சம் பொறுங்கோ." படியின் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள். "மாதங்கி! மாதங்கி, ஒருக்கா மேலை வாங்கோ!"

"வரல அக்கா!" என்று கீழேயிருந்து மாதங்கியின் குரல் வந்தது. "நான் இங்கதான் நிக்கணும். இருங்க, இருங்க, மேல பாத்துட்டிருக்கேன்!"

கூடத்தின் நடுவில் நின்று, கழுத்தை அண்ணாந்து, உத்தரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னவென்று தெரியாமலே அண்ணாந்து பார்த்தார்கள். ஐயரும் பார்த்தார்.

"நானூறு வருஷமா இந்த வீட்டுல ஆளுங்க மேலதான படுத்தாங்க" என்று சத்தமாகச் சொன்னாள் மாதங்கி, தனக்குத்தானே சொல்வதுபோல. "மேல படுத்தவங்க சிலர் மேலயே செத்திருப்பாங்க. அவங்கள அந்தப் படியில கொண்டாந்திருக்க முடியாது. அப்போ எப்படி இறக்கினாங்க? ஒரு வழி இருந்தே ஆகணும்!" சட்டென்று கையை நீட்டினாள். "அக்கா! அடுப்புச் சுவர்லேருந்து ரெண்டாவது உத்தரம். அதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பாருங்க. மத்த எல்லாப் பலகையும் நீளமா ஓடுது. இங்க மட்டும் குறுக்கே ஒரு கோடு. மேல கம்பளத்தைத் தூக்குங்க!"

மேலே தீயணைப்பு வீரர்கள் கம்பளத்தைச் சுருட்டினார்கள். கம்பளத்துக்குக் கீழே, திருத்த வேலையில் யாரும் தொடாத பழைய அட்டைப்பலகை. அதையும் நெம்பி எடுத்தார்கள். கீழே, கறுத்த ஓக் பலகைகளில், நீள்சதுரமாக ஒரு வெட்டு. இரண்டு பக்கத்திலும் பலகைக்குள் அமிழ்த்திய இரும்பு வளையங்கள். ஓர் ஆள் நீட்டிப் படுக்கத் தாராளமான நீளம்.

தலைவர் குந்தியிருந்து வளையத்தில் விரலைக் கோர்த்து, தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். சிறுவனின் சிரிப்பு.

"ஒண்ணையும் வெட்டாதீங்க, ஆணி அடிக்காதீங்க, தூக்கி மட்டும் எடுங்க!" என்று கீழேயிருந்து ஆங்கிலத்தில் மன்றாடினாள் மாதங்கி. சனத்தைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். கும்பத்தையும் பால்பானையையும் சுவரோரம் நகர்த்தினார்கள். மேலே நால்வர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு முனகல், ஒரு பிடி தூசி, பிறகு கூடத்தின் கூரையில் ஒரு வாசல் திறந்துகொண்டது. அதன் வழியாக மேல்ஜன்னலின் வெயில் கோலத்தின் மேல் வந்து விழுந்தது. கூடத்தில் "ஆ!" என்று ஒரு மூச்சு எழுந்தது.

"இது என்ன கதவு?" என்றார் பத்மநாதன். குழாய்க் காற்று நன்றாகத் தலைக்கேறி, கண் மினுங்கிக்கொண்டிருந்தது.

பிறேமினி யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சவப்பெட்டி இறக்கிற வாசலாம்."

"என்ன! நான் இன்னும் சாகேல்லை!"

"தெரியும். உங்கடை சத்தம் ஹரோவுக்குக் கேக்குது."

"சவம் போற வழியாலை நான் போகமாட்டன். சொல்லிப்போட்டன். நல்லநாளும் அதுவுமா..."

"அப்ப இஞ்சையே கிடவுங்கோ. நான் சாப்பாட்டை அனுப்பிவிடுறன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, குழாய்க் காற்றின் வேலையோ என்னவோ, அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. "கிக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. "ஐயோ, சிரிக்கேலாது, நோகுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறேமினிக்கும் வந்துவிட்டது. தரையில் இருந்து, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அம்புலன்ஸ் பெண் என்ன கதை என்று கேட்டாள். பிறேமினி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் பட்டி கட்டினார்கள். கயிறுகளை உத்தரத்தின் மேல் துணி சுற்றிப் போட்டார்கள். மரத்தில் கீறல் விழக்கூடாது என்று மாதங்கி கேட்டுக்கொண்டாள். தலைவர் மெதுவாக எண்ணினார். பத்மநாதன் அந்தரத்தில் எழுந்து, வாசலுக்கு நேரே வந்து, இறங்கத் தொடங்கினார்.

கீழே நின்றவர்கள் கண்டது இதுதான். மேலேயிருந்து வெயில் கொட்டுகிறது. அந்த வெயிலுக்குள், பட்டு வேட்டியும் திருநீற்றுப் பூச்சுமாக, நெஞ்சில் கட்டிய கைகளோடு, புன்னகை பூத்த முகத்தோடு, பத்மநாதன் அங்குலம் அங்குலமாக இறங்கி வருகிறார். நாதஸ்வரத்தை யாரும் நிறுத்தவில்லை. அது இப்போது சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில் இருந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சண்முகராசாவால் பொறுக்க முடியவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, தேர்வடம் பிடிக்கிற குரலில், "அரோகரா!" என்றார்.

"அரோகரா!" என்றது கூடம் முழுக்க. நானூறு வருடத்துக் கல்சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஐயர் தன்னை மறந்து மணியை அடித்தார். யாரோ பூவை எடுத்து எறிந்தார்கள். கயிறு பிடித்த வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அடுத்தமுறை "அரோகரா" வந்தபோது தாங்களும் சேர்ந்து ஏதோ சொன்னார்கள். பத்மநாதன் இறங்கியபடியே வலது கையைப் பட்டிக்குள்ளிருந்து உருவி எடுத்து, எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார்.

தரையைத் தொட்டதும் ஒரே கைதட்டல்.

பிறேமினி படியால் ஓடி இறங்கி வந்து ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றாள். "நான் உங்களோடை வாறன்."

"வேண்டாம். தாரகா வரட்டும்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. குரல் மட்டும் தெளிந்திருந்தது. "நல்லநேரம் போகமுதல் நீர் பாலைக் காய்ச்சும். வீட்டுக்காரி நிக்கவேணும்."

தாரகா அப்பாவோடு அம்புலன்சில் ஏறினாள். வண்டி வயல்பாதையில் மறையும்வரை பிறேமினி வாசலில் நின்றாள். பிறகு குனிந்து உள்ளே வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரிய அடுப்புக்குள் இறங்கி நெருப்பு மூட்டினாள். புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு வழி நினைவு வந்ததுபோல் நேரே மேலே போனது. பால் பொங்கி வழிந்தபோது சுற்றி நின்ற பெண்கள் குரவை இட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். அவர்களை அவள் சாப்பிடாமல் போகவிடவில்லை. வடையும் பொங்கலும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். தலைவர் நாலாவது வடையைக் கடித்தபடி, இந்த அடுப்பு எத்தனை வருடப் பழையது என்று கேட்டார்.

மாதங்கி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குமுதல் பிறேமினி தொடங்கிவிட்டாள். அடுப்பில் தொடங்கி, படி ஏன் புகைபோக்கியின் முதுகில் ஏறுகிறது என்று சொல்லி, காற்றுக்கு எதிரே தானியம் தூற்றிய நடையைக் காட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய், தலைகீழ் இலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பட்டுச் சேலைகளும் பெரிய சப்பாத்துகளும் அவள் பின்னால் வரிசையாகப் போயின. மாதங்கி கடைசியாக, கைகட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் திருத்தாமல் போனாள்.

பின்னேரம் தாரகா தொலைபேசியில் அழைத்தாள். முதுகெலும்புச் சவ்வு கொஞ்சம் பிதுங்கி நரம்பைத் தொட்டிருக்கிறது. கத்தி வைக்கத் தேவையில்லை. மாத்திரையும் சில வாரம் ஓய்வும் போதும். விறைப்பும் இறங்குகிறது. விடிய வெளியே விடுவார்கள் என்று நினைத்தாளாம். அப்பா போட்ட கரைச்சலில் இன்றைக்கே விடுகிறார்களாம்.

ஆட்கள் எல்லாம் போய், வெளியில் இன்னும் கோடைவெளிச்சம் மிச்சமிருந்த நேரத்தில் பத்மநாதன் திரும்பி வந்தார். கூடத்தில், அடுப்புக்கு எதிரே, மெத்தை போட்டு வைத்திருந்தாள் பிறேமினி. மருமகனும் தாரகாவும் தாங்கிப் பிடித்து அவரைப் படுக்கவைத்துவிட்டு ஹரோவுக்குப் புறப்பட்டார்கள்.

"அம்மா, நீங்களும் வாறீங்களா? நாளைக்கு வேலையெல்லோ?" என்றாள் தாரகா.

"நாளைக்கு லீவு சொல்லிப்போட்டன்" என்றாள் பிறேமினி. "அதுக்குப் பிறகு பஸ் இருக்குத்தானே."

பாத்திரங்களை அடுக்கிவிட்டு அவள் மேலே போனாள். வாசல்பலகையை இன்னும் மூடவில்லை. மாதங்கி நாளைக்கு வந்து பார்த்துப் பதமாக மூடுவதாகச் சொல்லியிருந்தாள். சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே பிறேமினி குப்புறப் படுத்து, தலையை நீட்டிக் கீழே பார்த்தாள். நேர் கீழே பத்மநாதன் மல்லாந்து படுத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜன்னலை வெட்டச் சொன்னனானோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"சொன்னனீங்கள். ரெண்டு பாஷையிலையும்."

"அது காஸ் கதைச்சது."

"குழாயை வாயிலையிருந்து எடுத்துப்போட்டெல்லோ சொன்னனீங்கள்."

"பொய். உமக்கு நினைவில்லை." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். "டென்மார்க்கிலையிருந்து தம்பி போன் எடுத்தவன். சண்முகராசா வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டான். ரொறன்ரோவிலையும் பாத்திட்டாங்கள். வாற மாதம் குடும்பத்தோடை வந்து பாக்கப்போறாங்களாம்."

"உங்களையோ வீட்டையோ?"

"ஓட்டையை."

பிறேமினி சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்து, கொஞ்சம் தூசி அவர் முகத்தில் உதிர்ந்தது. அவர் தும்மினார், தும்மியது முதுகில் பிடித்து "அம்மா" என்றார், பிறகு தானும் சிரித்தார்.

"தலையணை ஒண்டு வேணும் பிறேமி. இது பதிவாக் கிடக்கு. படி இறங்கி வரவேண்டாம், அதிலையிருந்து போடும்."

"முகத்திலை விழும்."

"நான் பிடிக்கிறன். போடும்."

அவள் எழுந்துபோய்க் கட்டிலில் இருந்ததில் பெரிய தலையணையாகப் பார்த்து எடுத்து வந்தாள். நன்றாகக் குறிபார்த்தாள். போட்டாள்.

அவர் பிடிக்கவில்லை.